குழந்தைகள் இல்லத்தில் புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு: சேவைகளைச் சீராக்க எங்கிருந்து தொடங்குவது?

தமிழ்நாட்டில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் கண்காணிப்பாளராகவோ சமூகப் பணியாளராகவோ சேர்ந்திருக்கிறீர்கள். வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள், வேலைத்தளத்தில் மீட்கப்பட்டவர்கள், அடி தாங்காமல் வந்தவர்கள், பெற்றோர் இல்லாதவர்கள் என்று பலவிதமான பிள்ளைகள். "இல்லத்தை நல்லா கொண்டுவாங்க" என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. எப்படி என்று யாரும் சொல்லவில்லை. நான் சேர்ந்தபோதும் அப்படித்தான். சட்டம் ஒரு பக்கம், படிவங்கள் ஒரு பக்கம், "இங்க எப்பவும் இப்படித்தான்" என்கிற பழைய பணியாளர்கள் இன்னொரு பக்கம். எதை முதலில் செய்வது என்று தெரியாமல் ரொம்பத் திண்டாடினேன். உங்களுக்கு அந்தத் திண்டாட்டம் வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேம்பாடு என்றதும் பெயின்ட், டைல்ஸ், கம்ப்யூட்டர் லேப் என்று மனம் போகும். நன்கொடையாளர்களுக்கும் அதுதான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் உங்கள் இல்லத்தில் எது மாற வேண்டும் என்பதைப் பிள்ளையின் கோப்பும் பிள்ளையின் வாயும்தான் சொல்லும். அந்த இரண்டையும் பார்க்காமல் போடுகிற எந்தத் திட்டமும் ஆறு மாதத்தில் ஓய்ந்துவிடும்.

(இது பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளுக்கான இல்லங்களுக்கு மட்டும். குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைகள் தங்கும் கூர்நோக்கு இல்லங்களின் நடைமுறை வேறு. அவை இளைஞர் நீதிக் குழுமத்தின் கீழ் வருகின்றன.)

1. பதிவுச் சான்றை எடுத்துப் பாருங்கள்

முதல் வாரத்து வேலை இது. இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம் 2015, பிரிவு 41-இன்படி இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். சான்றில் நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள்: காலாவதித் தேதி, அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை, ஆணா பெண்ணா, முகவரி. எண்ணிக்கை 50 என்று இருக்க, உள்ளே 63 பிள்ளைகள் இருந்தால், நீங்கள் வேறு எந்தச் சேவையைப் பற்றியும் பேச முடியாது. படுக்கும் அறையில் பிள்ளைக்கு 40 சதுர அடி, ஆலோசனைக்கென்று தனியாக ஓர் அறை என்பதெல்லாம் இந்தச் சட்டத்துக்கான மாதிரி விதிகளில் இருக்கிறது. அளவு நாடாவை எடுத்து நீங்களே அளந்து பார்த்துவிடுங்கள்.

புதுப்பிக்க வேண்டுமானால் படிவம் 27. அதோடு கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தரும் கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று, சுகாதாரச் சான்று, உணவுப் பாதுகாப்புப் பதிவு, அறக்கட்டளைப் பத்திரம், தணிக்கை செய்த கணக்குகள், பணியாளர் பட்டியல் என்று ஒரு கட்டு போகும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு சான்றுக்கும் ஒவ்வொரு காலாவதித் தேதி. ஒன்றை வாங்கி முடிப்பதற்குள் முன்பு வாங்கியது முடிந்துவிடும். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதத்தில் விண்ணப்பியுங்கள், ஆறு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். உறுதிச் சான்றுக்குப் பொறியாளர் கட்டடத்தின் பரப்பை வைத்துக் கட்டணம் கேட்பார். இரண்டு பேரிடம் விசாரியுங்கள். தீயணைப்பான்களை வாங்கும் முன் நிலையத்துக்குப் போய் எத்தனை, எந்த வகை என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் வாங்கினால் மறுபடி வாங்க வேண்டிவரும்.

2. எல்லாக் கோப்புகளையும் படியுங்கள், ஒன்றுவிடாமல்

இதுதான் முக்கியமான படி. இதற்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து கோப்புக்கு மேல் வேண்டாம்; படித்தது மனதில் நிற்காது.

ஒவ்வொரு கோப்பிலும் இருக்க வேண்டியவை: குழந்தைகள் நலக் குழுவின் (பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் மாவட்டக் குழு) உத்தரவு, சமூக விசாரணை அறிக்கை (படிவம் 22), பிள்ளையின் முழு வரலாறு (படிவம் 43), தனிநபர் பராமரிப்புத் திட்டம் (படிவம் 7), மருத்துவப் பதிவு, பள்ளிப் பதிவு. இல்லாததை உடனே குறித்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் நேராகக் கொண்டுவந்து விட்ட பிள்ளை என்றாலும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நலக் குழு முன் நிறுத்தியிருக்க வேண்டும். உத்தரவே இல்லாமல் ஒரு பிள்ளை இருந்தால், அன்றே நலக் குழுவுக்குப் போன் செய்யுங்கள்.

பெரும்பாலான இடங்களில் படிவம் 7 இருக்கும். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வாசகம் இருக்கும்: "படிப்பில் கவனம் செலுத்தச் செய்தல், நல்ல பழக்கங்களைக் கற்பித்தல்." பெயர் மட்டும் மாறும். அது திட்டமே இல்லை.

எங்கள் இல்லத்தில் ஒரு பையன் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கதவோரம் உட்கார்ந்திருப்பான். வார்டன் பதிவேட்டில் "சொன்ன பேச்சு கேட்பதில்லை, மற்றவர்கள் தூக்கத்தைக் கெடுக்கிறான்" என்று எழுதியிருந்தார். கோப்பின் உள்ளே, மீட்பு நாளன்று எழுதிய தாளில் ஒரு வரி இருந்தது: பேக்கரியில் மாவு பிசைய இரண்டு மணிக்கு எழுப்பிவிடுவார்களாம். அந்த ஒரு வரியை யாரும் படிக்கவில்லை. அவனுடைய திட்டத்தில் எழுத வேண்டியது "நல்ல பழக்கங்கள்" அல்ல. இரவுக் காவலர் இருக்கும் பக்கம் படுக்கை, எழுந்தால் திட்டாமல் தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் உட்காருவது, மருத்துவரிடம் தூக்கத்தைப் பற்றிப் பேசுவது. இவற்றை எழுதிச் செய்த பிறகுதான் அவன் விடியும்வரை தூங்க ஆரம்பித்தான்.

படிவம் 7-ஐ பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டே எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று இருக்கட்டும். "குடும்ப உறவைப் பேணுதல்" என்று எழுதாதீர்கள். "மாதத்தில் இரண்டு ஞாயிறு சித்தியிடம் போனில் பேச வைப்பது, பொறுப்பு: இல்லத் தாய்" என்று எழுதுங்கள். முதல் மூன்று மாதம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை முன்னேற்ற அறிக்கை, அப்புறம் மாதம் ஒரு முறை. இதை அட்டவணையாகச் சுவரில் ஒட்டாவிட்டால் கண்டிப்பாக விட்டுப்போகும்.

படித்து முடித்ததும் ஒரு பெரிய தாளில் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக எழுதி, தேவைகளை எண்ணுங்கள். எந்தச் சேவை வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே தெரியும். நாங்கள் பத்தாம் வகுப்புக்கு டியூஷன் வேண்டும் என்று நினைத்திருந்தோம். எண்ணிப் பார்த்தால், ஏழு எட்டு படிக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வந்தது. டியூஷனுக்கு வைத்திருந்த பணம் வாசிப்பு வகுப்புக்குப் போனது.

3. யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று பாருங்கள்

இல்லம் என்பது கடைசி வழி என்றுதான் சட்டமே சொல்கிறது. வறுமை ஒன்றே காரணமாக இல்லத்தில் இருக்கும் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்குச் செய்யும் நல்ல சேவை, அம்மாவோடு வாழ வழிசெய்வதுதான்.

குழந்தைகள் பாதுகாப்புக்கான ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், பிள்ளை வீட்டிலேயே வளர நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது. விண்ணப்பம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக ஒப்புதல் குழுவுக்குப் போகும். குடும்ப அட்டை, வருமானச் சான்று, பிள்ளை, அம்மா இருவரின் ஆதார், பள்ளிச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம், அப்பா இறந்திருந்தால் இறப்புச் சான்று ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். ஒரு தாள் குறைந்தாலும் அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டும். ஒப்புதல் வந்த பிறகும் பணம் கணக்கில் ஏறச் சில மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் யார் பொறுப்பு என்று பேசி முடித்துவிட்டுப் பிள்ளையை அனுப்புங்கள். இல்லையென்றால் பிள்ளை திரும்ப வேலைக்குப் போய்விடும்.

நலக் குழுவின் உத்தரவில்லாமல் யாரையும் அனுப்பாதீர்கள், தீபாவளி விடுமுறைக்குக்கூட.

4. அடையாள ஆவணங்களை இந்த ஆண்டே முடியுங்கள்

யாரும் இதை ஒரு சேவையாக நினைப்பதில்லை. ஆனால் பதினெட்டு வயதில் வெளியே போகும் பிள்ளையிடம் பிறப்புச் சான்று இல்லையென்றால், நீங்கள் சொல்லிக்கொடுத்த தையலும் கம்ப்யூட்டரும் அவ்வளவாகக் கைகொடுக்காது. சட்டத்தின் பிரிவு 53-லேயே பிறப்புப் பதிவும் அடையாளச் சான்றும் இல்லத்தின் கடமைகளாகச் சொல்லப்பட்டிருக்கின்றன.

இந்த வரிசையில் போங்கள்.

பிறப்புச் சான்று முதலில். பிறந்த மருத்துவமனையோ ஊரோ தெரிந்தால் அந்த ஊர்ப் பதிவாளரிடம் தேடச் சொல்லுங்கள். பதிவே ஆகவில்லை, ஓராண்டும் தாண்டிவிட்டது என்றால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும், சளைக்காமல் போய் வாருங்கள்.

ஆதார் அடுத்தது. புதிதாக எடுக்கக் கட்டணம் கிடையாது. பெற்றோர் இல்லாத பிள்ளைக்கு இல்லத் தலைவரின் சான்றை வைத்து எடுக்கலாம். 15 வயதில் கைரேகையையும் கருவிழியையும் மறுபடி பதிய வேண்டும். இதை விட்டுவிட்டால் தேர்வு, உதவித்தொகை நேரத்தில் "பொருந்தவில்லை" என்று வந்து நிற்கும்.

சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் இ-சேவை மையத்தில். சான்றுக்கு 60 ரூபாய். பெற்றோரின் சாதி தெரியாத பிள்ளையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட ஆதரவற்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள். இது தெரியாமல் பொதுப் பிரிவில் விண்ணப்பித்துக் கல்லூரி இடத்தை இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். பெற்றோரின் இறப்புச் சான்றும் நலக் குழுவின் உத்தரவும் இதற்கு ஆதாரம். கையில் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள்.

பள்ளி மாற்றுச் சான்று இல்லை, வயதுச் சான்று இல்லை என்று பள்ளி திருப்பி அனுப்பினால், எட்டாம் வகுப்புவரை அப்படி மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எண்) பழைய பள்ளியிலிருந்து மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். மே மாதக் கடைசியிலேயே இதை ஆரம்பித்துவிட்டால் ஜூனில் பிள்ளை வகுப்பில் இருக்கும்.

இன்னொரு பொறி. நல்ல மனதோடு ஒரு நன்கொடையாளர் "நன்றாகப் படிக்கிற பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்க்கிறேன்" என்பார். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று உயர்கல்வியில் மாதம் கிடைக்கும் 1,000 ரூபாயும் அரசுப் பள்ளிப் படிப்பைப் பார்த்துத்தான். இரண்டு வருடம் தனியார் பள்ளிக்குப் போய் வந்தால் இவை கைவிட்டுப் போகலாம். அந்த நன்கொடையாளரிடம் மாலை நேர ஆசிரியருக்குச் சம்பளம் கேளுங்கள்.

5. பிள்ளைகளிடம் கேளுங்கள்: குழுவும் பெட்டியும்

விதிகளின்படி 6 முதல் 10, 11 முதல் 15, 16 முதல் 18 என்று மூன்று வயதுப் பிரிவுகளாகக் குழந்தைகள் குழு அமைக்க வேண்டும். மாதம் ஒரு கூட்டம், அதற்கொரு பதிவேடு. உணவு, தினசரி நேர அட்டவணை, படிப்பு, பெரியவர்களோ மற்ற பிள்ளைகளோ செய்யும் கொடுமை என எதையும் பேசலாம். இல்லத்தின் நிர்வாகத்தைக் கவனிக்கும் மேலாண்மைக் குழுவிலும் இவர்களின் பிரதிநிதிகள் உட்கார வேண்டும். அதுவும் மாதம் ஒரு முறை கூடும். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் தலைவர்.

பல இல்லங்களில் பதிவேடு இருக்கும், கூட்டம் இருக்காது. முதல் கூட்டத்தில் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். பேசினால் அடி விழும் என்று பழகியவர்கள். அதனால் முதல் மாதம் சின்னதாக ஏதாவது கேளுங்கள்: காலை இட்லிக்குச் சாம்பாரா சட்னியா? சொன்னதை மறுநாளே செய்து காட்டுங்கள். மூன்றாவது மாதத்தில் பெரிய விஷயங்கள் வரும்.

பரிந்துரைப் பெட்டியை அலுவலகத்துக்கு வெளியே மாட்டாதீர்கள். கண்காணிப்பாளர் பார்க்கும் இடத்தில் எந்தப் பிள்ளையும் சீட்டுப் போடாது. அலுவலகத்திலிருந்து தள்ளி, படுக்கும் அறைகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் விதியும் சொல்கிறது. சாவி உங்களிடம் இருக்கக் கூடாது. அது மேலாண்மைக் குழுத் தலைவரிடம். வாரம் ஒரு முறை, குழந்தைகள் குழு முன்னிலையில் திறக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களும் போடட்டும் என்று படம் வரையும் தாளும் ஒரு பென்சிலும் பக்கத்தில் வையுங்கள்.

எங்கள் பெட்டியை இடம் மாற்றியபின் வந்த முதல் சீட்டுகளில் ஒன்றில் "ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பசிக்குது" என்று இருந்தது. நேர அட்டவணையைப் பார்த்தோம். ஞாயிறு நன்கொடையாளர் சாப்பாடு பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிடும். இரவு உணவு எட்டு மணிக்கு. பள்ளி நாளில் இருக்கும் மாலைச் சுண்டல் ஞாயிறு கிடையாது, சமையலருக்கு அன்று அரை நாள் விடுப்பு. வேர்க்கடலை உருண்டையும் வாழைப்பழமும் சனிக்கிழமையே வாங்கி வைத்ததில் அது தீர்ந்தது. அதுவரை எந்த ஆய்வு அறிக்கையிலும் அந்த எட்டு மணி நேரம் வந்ததே இல்லை.

6. பணியாளர்கள்

வார்டனும் இல்லத் தாயும் சரியாக அமையாவிட்டால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. காவல்துறைச் சரிபார்ப்பு இல்லாமல் யாரையும், தன்னார்வலரையும், உள்ளே விடாதீர்கள். அடிப்பது குற்றம் என்பதை எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்: பிரிவு 82-இன்படி முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், மறுமுறை மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்; வேலையும் போகும். ஆனால் "அடிக்காதே" என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டால் வார்டன் என்ன செய்வார்? முப்பது பையன்களைத் தனியாகச் சமாளிப்பவர் அவர். கோபத்தில் கத்தும் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது, எப்போது விலகி நிற்பது என்று செய்து காட்டிப் பழக்குங்கள். வார விடுப்பும் இரவுப் பணிக்கு மாற்று ஆளும் கொடுங்கள். தூங்காத ஆளிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

பாலியல் தொந்தரவு பற்றிச் சின்னத் தகவல் வந்தாலும் உடனே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். "நாமே விசாரித்துக்கொள்ளலாம், இல்லத்தின் பெயர் கெட்டுவிடும்" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் போக்சோ சட்டத்தில் ஓராண்டு வரை சிறை. அதைவிட, சொன்ன பிள்ளை இனி யாரிடமும் எதையும் சொல்லாது.

7. மனநல உதவி

முழுநேர ஆலோசகர் வைக்கப் பணம் இல்லை என்று காத்திருக்க வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு இருக்கும், கட்டணம் இல்லை. பிள்ளைகளை அழைத்துப்போக வாரத்தில் ஒரு நாளைக் கேட்டு நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். டெலிமானஸ் என்கிற அரசின் மனநல உதவித் தொலைபேசி எண் 14416-ஐ வார்டன்களும் தெரிந்துவைத்திருக்கட்டும். ஆலோசகர் வந்தால், வருகிற ஆள் மாறாமல் இருப்பதுதான் முக்கியம். மூன்று மாதத்துக்கு ஒரு பயிற்சி மாணவர் வந்து, பிள்ளை தன் கதையை மறுபடி மறுபடி முதலிலிருந்து சொல்வது சேவையே அல்ல.

8. பணம்

மிஷன் வாத்சல்யா மானியம் பெறும் இல்லத்துக்குப் பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபாய் பராமரிப்புத் தொகை. ஒரு நாளைக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் தாமதமாக வருவது உண்டு. மூன்று மாதச் செலவைக் கையிருப்பில் வைக்காமல் புதுத் திட்டம் தொடங்காதீர்கள்.

நன்கொடையாளர்கள் ஞாயிறும் பிறந்தநாளும் பிரியாணியோடு வருவார்கள். அவர்களுக்காக ஒரு பட்டியல் அச்சிட்டு வையுங்கள்: மூக்குக் கண்ணாடி, வாசிப்பு ஆசிரியரின் ஒரு மாதச் சம்பளம், உள்ளாடைகள், நாப்கின், மருத்துவமனை ஆட்டோச் செலவு. விலையையும் போடுங்கள். பாதிப் பேர் மனமுவந்து அதற்கு மாறிவிடுவார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாட வைப்பதையும் படம் எடுப்பதையும் நிறுத்துங்கள். பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் பிரிவு 74-இன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வர வேண்டும். குறைந்தது மூன்று பேர், அதில் ஒரு பெண், ஒரு மருத்துவ அலுவலர். அவர்களைக் கண்டு பயந்து குறைகளை மூடி மறைக்காதீர்கள். என்ன இல்லை என்பதை எழுத்தில் கொடுங்கள். அறிக்கையில் ஏறிவிட்டால், பிறகு நிதி கேட்கும்போது அதுவே உங்களுக்கு ஆதாரம்.

9. பதினெட்டுக்கு முன்பே பிந்தைய பராமரிப்பு

பதினெட்டு முடிந்த அன்று பையைக் கொடுத்து அனுப்புவது நம்மிடம் இன்னும் இருக்கிற கொடுமை. இல்லத்தை விட்டுப் போன பிறகும் 21 வயது வரை உதவும் பிந்தைய பராமரிப்புக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. மாதம் 4,000 ரூபாய் நிதியுதவியும் உண்டு. ஆனால் தானாக வராது. பிள்ளைக்குப் பதினாறு ஆகும்போதே படிவம் 7-இல் இதற்கென்று ஒரு பகுதி எழுதி, பதினேழரை வயதில் நலக் குழுவிடம் விண்ணப்பத்தைக் கொண்டுபோங்கள்.

இடைப்பட்ட ஒன்றரை வருடத்தில் செய்ய வேண்டியவை: பிள்ளையே இயக்கும் வங்கிக் கணக்கு, ஏடிஎம் அட்டையைப் பயன்படுத்தப் பழக்குவது, தனியாகப் பேருந்தில் போய் வருவது, நான்கு பேருக்குச் சமைப்பது, பதினெட்டு ஆனதும் வாக்காளர் அட்டை. அரசு ஐடிஐ விண்ணப்பங்கள் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததையொட்டி ஆரம்பித்துவிடும். தேதியைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும். விடுதியுள்ள ஐடிஐயா என்று முதலிலேயே கேளுங்கள். தங்க இடம் இல்லாமல் படிப்பை விட்டவர்கள்தான் அதிகம். வெளியே அறை எடுத்துத் தங்குபவருக்கு முன்பணம், பாய், பாத்திரம், முதல் மாத மளிகை எல்லாம் சேர்த்து ஒரு தொகையை ஆண்டு பட்ஜெட்டிலேயே ஒதுக்கிவிடுங்கள். கடைசி நேரத்தில் தேடினால் கிடைக்காது. வெளியே போனவருக்கு யார் போன் செய்வது என்பதையும் பெயர் சொல்லி எழுதி வையுங்கள். முதல் இரண்டு மாதம் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை. பண்டிகைக்கு இல்லத்துக்கு வந்து தங்கலாமா என்று அவர்கள் கேட்பார்கள். சிறுவர்களோடு ஒரே அறையில் பெரியவர்களைத் தங்கவைக்க முடியாது என்பதால், விருந்தினர் அறையோ பக்கத்தில் ஒரு வீடோ முன்கூட்டியே பேசி வைத்துவிட்டு, வரச் சொல்லுங்கள்.